14 மாதம் நின்ற சான்ட்ரோ: சாவி போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

காட்பாடி_சான்ட்ரோ | டிசம்பர் 20, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நைனாவின் காரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். 2008 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், டி.என்.23 நம்பர். எடுத்த நாளிலிருந்து ஒரே கைதான். 91 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2023-லேயே நைனா ஆர்.சி. புதுப்பித்துவிட்டார், 2028 வரை இருக்கிறது.

போன வருஷம் அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று அலைந்ததில் காரை யாரும் தொடவில்லை. எனக்கு வேலை ஓசூரில், சனி ஞாயிறு மட்டும் வருகிறேன். காட்பாடி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் அது அப்படியே நிற்கிறது. இரண்டு மழைக்காலத்தையும் நடுவில் ஒரு அக்னி நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டது.

நைனா இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார், பேச்சும் தெளிவாகிவிட்டது. சாயந்திரமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 33 வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். பொங்கலுக்கு மேல்பாடி பக்கம் எங்கள் ஊருக்கு இந்தக் காரில் போகணும் என்கிறார். அவரால் ஓட்ட முடியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரணும், அதுதான் ஆசை.

போன மாதம் ஒருமுறை சாவி போட்டுப் பார்த்தேன். டிக் டிக் என்ற சத்தத்தோடு மீட்டர் விளக்கு மங்கி அணைந்தது. டயர் நாலும் இறங்கிவிட்டன. கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறோம். பக்கத்துத் தெரு நண்பர், "என் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிடலாம், ஓட ஓட சரியாகிடும்" என்கிறார். செய்யலாமா?

சத்துவாச்சாரி_23 | டிசம்பர் 20, இரவு 10.15

தாராளமாகச் செய்யலாம் நண்பா. 2020 ஊரடங்கில் என் ஆல்ட்டோ நாலு மாதம் நின்றது. ஒயர் கொடுத்ததும் ஒரே செல்ஃப்பில் பிடித்தது. காற்று அடித்து, ஒரு ரவுண்டு சென்னை பைபாஸில் ஓட்டினேன், அவ்வளவுதான். இன்றும் ஓடுகிறது.

பழைய_பெடல் | டிசம்பர் 21, காலை 6.05

தம்பி, வேண்டாம். சாவியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆற்காடு ரோட்டில் 26 வருஷம் கார் வேலை பார்த்தவன் நான். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். நின்ற வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ஸ்டார்ட் ஆகுமா?" என்றுதான். நிற்குமா என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டி வாசலிலேயே இருக்கும், ஒருவருக்கும் சேதம் இல்லை. ஸ்டார்ட் ஆகி, பிரேக் இல்லை என்றால்? உங்கள் வீட்டிலிருந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தாலே ஸ்கூல் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ, பால் வண்டி. அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் பிரேக், அப்புறம் டயர், அப்புறம் ஒயரிங், அப்புறம் பெட்ரோல். இன்ஜின் கடைசி.

நாலு மாதமும் பதினாலு மாதமும் ஒன்றல்ல. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓடுகிற வண்டியிலேயே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. ஈரம் சேர்ந்தால், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும், துருவில் உரசி உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும். பெடலை மிதிக்கும்வரை அது வெளியே தெரியாது. ஹேண்ட் பிரேக் போட்டு நின்றதால் பின் வீலில் பிரேக் ஷூ, வீலோடு சுற்றும் டிரம்மோடு ஒட்டியிருக்கும். அதை இன்ஜின் பலத்தில் இழுத்து விடுவித்தால் ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பட்டை பிய்ந்து டிரம்முக்குள் விழும்.

இந்த வாரம் மூன்று வேலை மட்டும் பாருங்கள். ஒன்று, பானட்டைத் திறந்து எலி இருந்ததா என்று பார்ப்பது. இரண்டு, வைப்பருக்குக் கீழே ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஜாலித் தட்டில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, அங்கே அடைத்தால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். மூன்று, டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், அதைப் படித்து எழுதுங்கள்.

பாலாற்றுக்கரை | டிசம்பர் 21, காலை 8.30

பெடல் அண்ணன் சொல்வதை அப்படியே கேளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மாமனார் வீட்டில் ஒரு பழைய வேன் எட்டு மாதம் நின்றது. ஒரு பட்டறையில் கொடுத்தோம். பேட்டரி மாற்றி, ஆயில் மாற்றி, "ரெடி சார், எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பிரேக்கைத் திறந்து பார்த்தார்களா என்று நானும் கேட்கவில்லை. மனைவியும் பெண்ணும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் இரண்டு மூன்று முறை பிரேக் நன்றாகவே பிடித்தது. விரிஞ்சிபுரம் தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன கரும்பு டிராக்டர் மெதுவானது. மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரைக்கும் போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோட்டோர மண்ணில் இறக்கித்தான் நிறுத்தினேன். டிராக்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. பின் வீலின் உள்பக்கம் முழுக்க பிரேக் ஆயில் வடிந்திருந்தது.

அன்றைக்குப் பெண் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் நைனா பக்கத்தில் உட்காரப் போகிறார். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

சத்துவாச்சாரி_23 | டிசம்பர் 21, காலை 9.10

படித்தேன். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு நாலு மாதம்தான், அதுவும் ஷெட்டுக்குள் நின்றது.

காட்பாடி_சான்ட்ரோ | டிசம்பர் 21, மாலை 6.50

பார்த்துவிட்டேன் அண்ணே.

ஏர் கிளீனர் டப்பாவைத் திறந்ததும் உள்ளிருந்து வேர்க்கடலைத் தோல் கொட்டியது. பக்கத்துக் கொல்லையில் கடலை காயவைப்பார்கள், எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். தேங்காய் நாரும், பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பஞ்சும் சேர்த்து மெத்தை மாதிரி கட்டி வைத்திருக்கிறது. ஃபில்டரில் ஒரு மூலை முழுசாகக் காணோம். அன்றைக்கு இன்ஜின் பிடித்திருந்தால் அந்த நார் அத்தனையும் உள்ளே போயிருக்கும். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் ஒன்றைக் கடித்திருக்கிறது, செம்பு பளபளவென்று தெரிகிறது.

வைப்பர் ஜாலியில் வேப்பிலை மக்கி எருவாகவே ஆகிவிட்டது. கையால் அள்ளி அரை வாளி எடுத்தேன். தண்ணீர் போகும் ஓட்டை அடைத்திருந்தது. இடது பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே சொதசொதவென்று ஈரம், தரைத் தகட்டில் துரு. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், ஓட்டை விழவில்லை. அது நைனா உட்காரும் பக்கம்.

டயரில் 1917 என்று இருக்கிறது. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியில் 2608.

பழைய_பெடல் | டிசம்பர் 21, இரவு 8.00

1917 என்றால் 2017-ல் 19-வது வாரம் செய்தது. எட்டு வருஷம் தாண்டிவிட்டது. ரோட்டில் படும் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை. காற்று இறங்கி 14 மாதம் ஒரே இடத்தில் நசுங்கியிருக்கிறது, பக்கச் சுவரில் நூல் நூலாக வெடிப்பு இருக்கும். நம்ம ஊர் வெயிலில் தார் ரோட்டின் மேல் அந்த டயரை நம்ப முடியாது. நாலையும் மாற்றுங்கள். ஸ்டெப்னி வண்டியோடு வந்தது. அதை ஒருநாளும் மாட்டாதீர்கள், பஞ்சரான நேரத்தில் அதுவும் வெடித்தால் நடுரோட்டில் நிற்பீர்கள்.

கடித்த ஒயரைச் சும்மா டேப் சுற்றி விடக்கூடாது. எலெக்ட்ரீஷியனை வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். அவர் வந்து முடிக்கும்வரை பேட்டரி மைனஸ் கழன்றே இருக்கட்டும். தரையை நன்றாகக் காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு, துரு பிரைமர் அடியுங்கள். தகட்டு வேலை பார்க்கும் டிங்கரிடம் ஒருமுறை கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_பைபாஸ் | டிசம்பர் 21, இரவு 9.20

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 17 வருஷ வண்டி. டயர், பேட்டரி, பிரேக், துரு என்று கணக்குப் போட்டால் வண்டி விலையில் பாதி வந்துவிடும். ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்று வாங்கலாமே?

காட்பாடி_சான்ட்ரோ | டிசம்பர் 21, இரவு 10.05

நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வாய் குழறிக் குழறி முதலில் கேட்டது, "வண்டி எங்க?" என்றுதான். வேறு வண்டி வாங்கினால் அவருக்கு அது யாரோ ஒருவருடைய வண்டி. இதில் அவருக்கு எந்தத் திருகாணி எங்கே என்று தெரியும். செலவு செய்யத் தயார்.

பழைய_பெடல் | டிசம்பர் 22, காலை 6.15

ஆம்பூர்க்காரர் கேட்டதில் தப்பில்லை. விட்டுவிட வேண்டிய வண்டியும் உண்டு. சேஸிஸ், சஸ்பென்ஷன் மாட்டும் இடம், இங்கெல்லாம் துரு அரித்து கை வைத்தால் பொடியாக உதிர்ந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் நானே கொடுத்துவிடச் சொல்வேன். வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்து மறைக்கிற வேலையை நான் செய்ததில்லை. இதில் துரு மேல்தகட்டோடு நிற்கிறது. டிங்கர் கீழே பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் முடிவு எடுங்கள்.

ராணிப்பேட்டை_வாலாஜா | டிசம்பர் 22, மதியம் 1.30

நான் இன்சூரன்ஸ் வேலையில் இருக்கிறேன். காகிதத்தை யாரும் கேட்கவில்லையே? பாலிசி எப்போது முடிந்தது தம்பி?

காட்பாடி_சான்ட்ரோ | டிசம்பர் 22, மதியம் 2.10

ஜூலையில் முடிந்துவிட்டது அக்கா. பொல்யூஷன் சர்டிபிகேட் எப்போதோ முடிந்தது.

ராணிப்பேட்டை_வாலாஜா | டிசம்பர் 22, மதியம் 2.45

அப்படியென்றால் கேளுங்கள். முடிந்து 90 நாள் தாண்டிவிட்டதால், கிளெய்ம் எடுக்காததற்காகச் சேர்ந்த தள்ளுபடி போய்விட்டது. அதை மீட்க முடியாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் வண்டியை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை, உடனே எடுத்துவிடலாம். சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதானால் வண்டியைப் பார்வையிடுவார்கள் அல்லது வீடியோ கேட்பார்கள். டயரும் கண்ணாடியும் சரியான பிறகு காட்டுங்கள்.

எதை எடுத்தாலும், வண்டி தெருவில் உருளும் முன்பே பாலிசி கையில் இருக்கணும். வேலை முடிந்து சோதனைக்கு ஓட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய பயம், யார் மேலாவது பட்டால் நஷ்டஈடு முழுவதும் வீட்டுத் தலையில் விழும். அந்த மாதிரிக் குடும்பங்களை என் மேஜைக்கு எதிரே உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன். சொத்தை விற்றுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பொல்யூஷன் சர்டிபிகேட் உங்கள் வண்டிக்கு 6 மாதம்தான் செல்லும். புகைத் தரம் பிஎஸ்-4 அல்லது அதற்கு மேலே இருந்தால்தான் ஒரு வருஷம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டெஸ்டுக்குக் கொண்டு போங்கள்.

காட்பாடி_சான்ட்ரோ | டிசம்பர் 28, இரவு 8.20

இந்த வாரக் கணக்கு. மூன்றாம் நபர் பாலிசி எடுத்துவிட்டேன். டிங்கர் வந்து கீழே படுத்துப் பார்த்தார், சேஸிஸ் கெட்டியாக இருக்கிறதாம். தரைக்கு பிரைமர் அடித்தாகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் ஒயரைச் சரிசெய்தார். பின்பக்கம் இண்டிகேட்டர் ஒயரிலும் ஒரு கடி இருந்ததாம்.

பேட்டரியில் மீட்டர் வைத்தால் 4.1 வோல்ட். இரவு முழுக்க சார்ஜ் போட்டால் எழுமா?

குடியாத்தம்_கூட்ரோடு | டிசம்பர் 28, இரவு 9.00

எழாது. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 என்றாலே முக்கால்வாசி இறங்கிவிட்டது என்று பொருள். 4-ல் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் கல்லாகப் படிந்திருக்கும். சார்ஜ் ஏறியதாகக் காட்டிவிட்டு ரோட்டில் கைவிடும். புதிது வாங்குங்கள், பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

பெட்ரோல் விஷயத்தையும் இப்போதே பேசிவிடுவோம். நம் பங்குகளில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கால் டேங்க் என்றால் மிச்ச முக்கால் டேங்கும் காற்று, 14 மாதம் ஈரக்காற்று. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுசாக இறக்கிவிட்டு, பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள். 2008 வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் இந்த எத்தனால் அளவை நினைத்துச் செய்தவை அல்ல. விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய_பெடல் | டிசம்பர் 29, காலை 6.00

பெட்ரோல் இறக்கும் வேலையைப் பட்டறை ஆளிடம் விடுங்கள் தம்பி. மார்கழி மாசம், விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு அம்மா அகல் ஏற்றுவார்கள். வண்டியும் வாசலில்தான் நிற்கிறது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும், இருபது அடி தள்ளி இருக்கும் திரி போதும். விளக்கெல்லாம் அணைந்து நல்ல வெயில் வந்த பிறகு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யணும். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பட்டறையில் கொடுத்தால் சாமான் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

காட்பாடி_சான்ட்ரோ | ஜனவரி 4, இரவு 10.30

இன்று பிரேக் வேலை. இதை விரிவாக எழுதணும் என்று தோன்றுகிறது.

பெடல் அண்ணன் மகன் கடையிலிருந்து ஒரு மெக்கானிக் காலையிலேயே வந்தார். பலகை வைத்து, ஜாக்கி போட்டு, அதை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டும் வைத்துத்தான் வீலைக் கழற்றினார். வலது பின் டிரம் கொஞ்சம் தட்டியதும் வந்துவிட்டது. இடது டிரம் அசையவே இல்லை. அதில் போல்ட் ஏற்ற இரண்டு துளை இருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்க, மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து கடைசியில் "டக்" என்று கழன்றது. கழன்றதும் உள்ளிருந்து ஒரு லைனிங் அப்படியே தரையில் விழுந்தது. பிஸ்கட் மாதிரி முழுசாக. ஷூவில் பசை இருந்த தழும்பு மட்டும்தான் மிச்சம். வீல் சிலிண்டர் ரப்பரை விரலால் இழுத்தார், பின்னால் பழுப்பாக ஆயில் வடிந்தது. பாலாற்றுக்கரை அண்ணே, உங்கள் பதிவு அப்படியே கண் முன் வந்து நின்றது.

இரண்டு பக்கமும் ஷூ, வீல் சிலிண்டர் புதிது. முன்னால் டிஸ்கில் மேலாகத்தான் துரு, கேலிப்பர் பின் இறுகியிருந்ததைக் கழற்றி சுத்தம் செய்து கிரீஸ் போட்டார். பழைய பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

அப்புறம் பிளீடிங், அதாவது பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிக்கணும், ஒருவர் வீல் பக்கம் நிப்பிளைத் திறந்து மூடணும். நான் உட்காரப் போனேன். நைனா நாற்காலியிலிருந்து கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். "வலது கால் நல்லாத்தான் இருக்கு, நான் மிதிக்கிறேன்" என்றார். அம்மா வேண்டாம் என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறதே என்று எனக்குப் பயம். அவர் அதற்குள் பின் வீல்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, "இப்ப உட்காருங்க ஐயா, கீழ படுத்தே பார்த்துக்கறேன்" என்றார்.

14 மாதம் கழித்து நைனா அந்த சீட்டில் உட்கார்ந்தார். இடது காலை நான் தூக்கி உள்ளே வைத்தேன். "அழுத்துங்க… பிடிங்க… விடுங்க." ஒவ்வொரு வீலாக, பின்னால் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து. நாலு வீலும் முடிந்து, டியூபில் குமிழி வருவதும் நின்றுவிட்டது. மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். நைனா மட்டும் காலை எடுக்கவில்லை. இரண்டு முறை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் காத்து இருக்குடா. வலது பின்னாடி" என்றார்.

மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கீழே படுத்தார். திறந்ததும் வலது பின் வீலிலிருந்து இரண்டு பெரிய குமிழி வந்தது. அதற்குப் பிறகு பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

இரவு சாப்பிடும்போது நைனா இரண்டு இட்லி அதிகம் கேட்டார்.

பழைய_பெடல் | ஜனவரி 5, காலை 5.50

பையன் நேற்று ராத்திரியே போன் போட்டுச் சொன்னான். பெரியவரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எந்த வீலில் காற்று என்று காலிலேயே கண்டுபிடிப்பது நான் இரண்டு மூன்று டிரைவரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல்தான் இன்ஜின். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் சின்ன ஸ்பூன் அளவு இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், ஊற்ற வேண்டாம், இருக்கிற ஆயில் பூச்சையும் கழுவிவிடும். மறுநாள் கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். நன்றாகச் சுற்றினால், பிளக் இல்லாமலேயே, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஐந்து ஐந்து விநாடி, நடுவில் இடைவெளி விட்டு. மீட்டரில் ஆயில் விளக்கு அணையும்வரை. பேரிங்குக்கெல்லாம் ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓடணும்.

இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

காட்பாடி_சான்ட்ரோ | ஜனவரி 5, காலை 7.30

நைனா எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். 2016-ல் 52 ஆயிரத்தில் மாற்றியிருக்கிறது.

பழைய_பெடல் | ஜனவரி 5, காலை 7.45

கிலோமீட்டர் கணக்கில் இன்னும் வரும், வருஷக் கணக்கில் முடிந்துவிட்டது. ஒன்பது வருஷ ரப்பர். அறுந்தால் இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆம்பூர்_பைபாஸ் | ஜனவரி 5, காலை 9.00

ரேடியேட்டருக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத் தண்ணீரைப் பற்றித் தெரியும்தானே, தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்ன ஊர்கள் இவை. அந்த உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றி என் அண்ணன் வண்டி ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்புக் காளவாய் மாதிரி ஆகிவிட்டது. காட்பாடியில் கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் கடினத் தண்ணீர்தான். பழசை முழுசாக வடித்துவிட்டு, கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுங்கள். நான் வண்டியைக் கொடுக்கச் சொன்னவன்தான், ஆனால் பிரேக் பதிவைப் படித்த பிறகு இது ஓடணும் என்று எனக்கும் இருக்கிறது.

காட்பாடி_சான்ட்ரோ | ஜனவரி 11, மாலை 5.15

ஓடுகிறது!

கையால் சுற்றும்போது முதலில் கெட்டியாக இருந்தது, கால் சுற்றுக்குப் பிறகு இளகிவிட்டது. பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்ததில் மூன்றாவது தடவையில் ஆயில் விளக்கு அணைந்தது. பிளக் மாட்டி, புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றி, சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடித்தேன். இரண்டாவது செல்ஃப்பில் பிடித்தது. முதல் நாலைந்து நிமிஷம் நீலப் புகை, சைலன்சரிலிருந்து தண்ணீர் தெறித்தது. அப்புறம் தெளிந்துவிட்டது. ஃபேன் தானாகச் சுற்றும்வரை அணைக்கவில்லை.

நாளைக் காலை ஐந்து மணிக்குத் தெருவில் எடுக்கிறேன். எதைக் கவனிக்கணும்?

பழைய_பெடல் | ஜனவரி 11, மாலை 6.00

இருபதில் போய் மூன்று முறை பிரேக் பிடியுங்கள், பிறகு முப்பதில். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நாலு வீல் பக்கமும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் நாளே பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் நெரிசலுக்குள் போகாதீர்கள், ஹைவேயும் வேண்டாம். காந்தி நகர் தெருக்கள் போதும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

சத்துவாச்சாரி_23 | ஜனவரி 11, இரவு 7.30

வாழ்த்துகள் நண்பா! இனிமேல் நிற்க விடாதீர்கள். தினமும் ஐந்து நிமிஷம் ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

குடியாத்தம்_கூட்ரோடு | ஜனவரி 11, இரவு 8.10

ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடவிடுவது கெடுதல். செல்ஃப் அடித்ததில் போன சார்ஜ்கூடத் திரும்ப ஏறாது. இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தங்கிவிடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஏ.சி. போட்டு ஓட்டுவதுதான் சரி. பொங்கல் முடிந்து நீங்கள் ஓசூர் போய்விட்டால் யார் ஓட்டுவார்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் போட்டு வீலுக்குக் கல் வையுங்கள்.

காட்பாடி_சான்ட்ரோ | ஜனவரி 16, இரவு 9.50

போய்விட்டு வந்தோம்.

பொல்யூஷன் டெஸ்ட் செவ்வாய்க்கிழமையே பாஸ். பொங்கல் அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் நைனா, பின்னால் அம்மாவும் கரும்புக் கட்டும். சேர்க்காடு வரைக்கும் நைனா பேசவே இல்லை, ஜன்னலை இறக்கிவிட்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். மேல்பாடி ரோட்டில் திரும்பும்போது நான் மூன்றாவது கியரிலேயே இழுத்தேன். "செகண்ட் போடு. வண்டிய அழ வைக்காத" என்றார். அப்புறம் ஊர் வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் கியர் சொல்லிக்கொண்டே வந்தார். பொன்னையாற்றுப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்த இடத்தில் நின்றது.

குடியாத்தம் அண்ணன் கேட்டதற்கு: என் சித்தப்பா மகன் பக்கத்திலேயே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் வராத வாரம் அவன் நைனாவை உட்காரவைத்து திருவலம் வரை போய் வருவான்.

ஒரு சந்தேகம். இன்று காலை கூலண்ட் டப்பாவில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. கீழே சொட்டு எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பழைய_பெடல் | ஜனவரி 17, காலை 6.10

புதிதாக ஊற்றியதில் காற்று வெளியேறி ஒருமுறை இறங்கும், அது சகஜம். ஆனால் கீழ் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் சுற்றித் தடவுங்கள், ஈரமோ வெள்ளைப் பொரிவோ தெரியும்.

காட்பாடி_சான்ட்ரோ | ஜனவரி 17, காலை 7.25

கிளிப்தான் அண்ணே. அடியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பழைய கிளிப் இறுக்கம் விட்டிருக்கிறது. இப்போதைக்கு ஒரு சுற்று இறுக்கி, டப்பாவை நிரப்பிவிட்டேன். சாயந்திரம் கடைக்கு வந்து புதுசு மாட்டிக்கொள்கிறேன். நைனாவும் வருகிறேன் என்கிறார். உங்களைப் பார்க்கணுமாம்.

பழைய_பெடல் | ஜனவரி 17, காலை 7.30

அழைத்து வாருங்கள். ஐந்து மணிக்குக் கடையில் இருப்பேன்.